தூள் என்று நான் சொன்ன நாள்

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். பக்கத்து நகரத்து நீதவான் நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உரைபெயர்ப்பாளர். எங்கள் வேலையில் யாருக்காவது ஒரு சொல் சிக்கிக்கொண்டால் ஓய்வுபெற்ற என்னைத்தான் தேடுகிறார்கள்.

"மிஸ், போதைப்பொருள் வழக்கு. பொலிஸ் சாட்சி 'ஐஸ்'னு சொல்றாரு. நானும் ஐஸ்னே சொல்லிட்டுப் போகவா, இல்ல அந்த நீளப் பேரைச் சொல்லணுமா?"

"கூண்டுல யாரு நிக்கிறா?"

"எல்ல ஊருப் பக்கத்து ஆளு மிஸ். டூரிஸ்ட்காரங்களுக்கு ஐஸ்கிறீம் வேன் ஓட்டினவரு."

சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. "நீளப் பேரையே சொல்லும்மா. ஒவ்வொரு தடவையும் சொல்லு. நாக்குச் சுளுக்கினாலும் பரவாயில்ல" என்றேன்.

"ஏன் மிஸ், அவ்வளவு முக்கியமா?"

முக்கியம்தான். ஆனால் தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வறுவல் அறையில் வேலை செய்தார். சிங்களம் எனக்கு ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி வந்தது. படித்தேன், பரீட்சை எழுதினேன், இரண்டாம் தடவை தேறினேன். அவ்வளவுதான் என் ஆரம்பம். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றங்களில் நின்றேன். உட்கார்ந்தேன் என்று எழுத முடியாது. எங்களுக்கு அங்கே நாற்காலி உண்டு, உட்கார நேரம் கிடையாது.

எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் எல்லாம் சிங்களத்தில் நடக்கும். கூண்டில் நிற்கும் தோட்டத்து ஆளுக்கு அதில் பாதி விளங்கும், பாதி விளங்காது. விளங்காத பாதியில்தான் பெரும்பாலும் அவர் தலைவிதி இருக்கும். நடுவில் நிற்பவர் உரைபெயர்ப்பாளர். சாட்சி "நான்" என்று சொன்னால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சேர்க்கக்கூடாது. சேர்த்தால் சொல் நம்முடையதாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்பா ஒருநாள் மகளின் உத்தியோகத்தைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பின் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு கசிப்பு வழக்கு. கள்ளச் சாராயம் காய்ச்சிய கிழவர் ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதை நான் கணீரென்று சிங்களத்தில் சொன்னேன்: "நான்தான் காய்ச்சினேன். மூன்று வருடமாகக் காய்ச்சுகிறேன். என் வீட்டுக்குப் பின்னால்தான் பீப்பாய் இருக்கிறது." அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாராம்: "ஏன் புள்ள, நம்ம மக எல்லாத்தையும் தன் தலையிலயே போட்டுக்கிறாளே, கெவர்மெண்டுல அப்படித்தான் செய்யச் சொல்லுவாங்களா?"

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அருளம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்தவர், தலைமை உரைபெயர்ப்பாளர். கறுப்புக் கோட்டு வெயில் காலத்திலும் தோளை விட்டு இறங்காது. காலையில் தேநீர் குடிக்கமாட்டார், நடுவில் வெளியே போகவேண்டி வந்துவிடும் என்று. வழக்கு தொடங்குமுன் கைக்குட்டையால் வாயை ஒருமுறை துடைப்பார். பிறகு மதியம்வரை ஒரே இடத்தில், ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரம் மாற்றாமல் நிற்பார். கொலைகாரன் அழுதாலும் சிரித்தாலும் அவர் குரல் ஒரே அளவில் போகும்.

என்னை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை. "உம்மட தோட்டத்துப் பேச்சைக் கோர்ட்டுக்கு வெளியில வச்சிட்டு வாரும்" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒருதடவை அவர் கேட்ட கேள்விக்கு, கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "ஐயா என்ன கேக்குறாருன்னு எனக்குப் புரியலீங்க, அந்தப் புள்ளய கேக்கச் சொல்லுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். ஐயா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு அடி பின்னால் வைத்து எனக்கு இடம் விட்டார். அன்றைக்கு முழுவதும் நான்தான் நின்றேன்.

அவர் எனக்குச் சொன்னவற்றில் இரண்டை மட்டும் இங்கே எழுதவேண்டும். ஒன்று: "தமிழில சொல்லு இருக்கேக்க சிங்களச் சொல்லைக் கடன் வாங்காதையும்." மற்றது: "பிழை விட்டால் அந்த இடத்திலயே, அடுத்த கேள்விக்கு முதல், வாயைத் திறந்து சொல்லிப்போடும். பிறகு சொன்னால் அது திருத்தம் இல்லை, நீர் சாட்சி சொல்லுறீர்."

நாட்டில் போதைப்பொருள் எப்படி வளர்ந்தது என்று பத்திரிகையில் வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அது வந்த வழி வேறு. எந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடவேண்டியிருந்தது என்பதை வைத்தே நான் கண்டுகொண்டேன். நான் சேர்ந்தபோது கசிப்பும், அதற்குப் புளிக்கவைக்கும் கோடாவும்தான். பிறகு வெல்லவாயவுக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து கஞ்சா. அதற்குச் சொல் தேடவேண்டியதில்லை, இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ஹெரோயின், சிங்களத்தில் குடு, வெகுகாலம் கொழும்புச் செய்தியாகவே இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் கடைகளுக்கும் பங்களாக்களுக்கும் வேலைக்குக் கொழும்பு போகப் போக, அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் அதே பஸ்களில் அதுவும் மலை ஏறியது. அதற்குப் பிறகு ஐஸ். அதற்குப் பிறகு, நரம்பு நோவுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற கேப்சூலை அட்டை அட்டையாக விழுங்குகிற வழக்குகள்.

ஒரு தகப்பன் வந்தது ஞாபகம் இருக்கிறது. மகன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், கலியாணம் ஆனவன், கேப்சூலோடு பிடிபட்டிருந்தான். பிணை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் நீதவானைப் பார்த்துக் கும்பிட்டு, "பிணை வேணாம் சாமி. எம் மவன உள்ளயே வைங்க. வெளிய விட்டா செத்துப்போயிருவான்" என்றார். அதை நான் என் வாயால், "என் மகனை உள்ளே வையுங்கள்" என்று சொல்லவேண்டும். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். குரல் ஒருமுறை உடைந்துவிட்டது. நீதவான் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் புனர்வாழ்வுக்கு அனுப்பினார். அந்தத் தகப்பன் அடுத்த வருடம் என்னைப் பதுளை பஸ் நிலையத்தில் கண்டு, மகன் மறுபடி வண்டி ஓட்டுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி நாட்களும் இருந்தன.

இனி புஷ்பராணியின் வழக்கு. மாகாணத்தில் ஒரு மேல் நீதிமன்றத்தில் நடந்தது. எது என்று எழுதவேண்டியதில்லை. அவள் பெயரும் இது அல்ல.

கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தாள். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, கொழும்பில் கடையில் வேலை செய்த, பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் ஒரு பார்சலைக் கொடுத்தான். மஞ்சள் இறக்குமதி நின்றிருந்த காலம் அது. நாட்டில் மஞ்சள் கிடைக்கவே இல்லை. இந்தியாவிலிருந்து படகில் கள்ளமாக வந்த மஞ்சளைப் பிடித்தார்கள், எரித்தார்கள் என்று தினமும் செய்தி வரும். "அக்கா, மஞ்சத்தூளு. வீட்டுக்கு அனுப்புறேன். வெளிய தெரிஞ்சா புடுங்கிக்குவாங்க, துணிக்கு அடியில வச்சுக்கங்க" என்றானாம். நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னானாம்.

பெரகல சந்திக்கு முன்னால் காலையில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். சேலைகளுக்கு அடியில் பார்சல். பால்மாப் பை நிறைய மஞ்சள் தூள். மஞ்சளுக்கு நடுவே, டேப் சுற்றிய இன்னொரு பொட்டலம். அதற்குள் ஹெரோயின். நம் நாட்டுச் சட்டத்தில் இரண்டு கிராம் வந்துவிட்டால் மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அந்தப் பொட்டலம் அதைவிட எவ்வளவோ மேலே. பார்சல் கொடுத்தவனின் தொலைபேசி அன்றோடு அணைந்தது.

வழக்கு விசாரணைக்கு வரும்போது அவள் விளக்கமறியல் சிறையில் இரண்டரை வருடம் இருந்துவிட்டாள். வழக்கின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உள்ளே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியுமா?

அந்த நீதிபதியைப் பற்றிச் சொல்லவேண்டும். மிக மெதுவாகப் பேசுவார். எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்கவேண்டும். மைப் பேனாவால் தானே குறிப்பெழுதுவார். எழுதும்போது தலை நிமிராது. நடுவில் யாராவது பேசினால் கோபிக்கமாட்டார். பேனாவை வைத்துவிட்டு, அந்த ஆள் தானாக வாயை மூடும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடத் திட்டு வாங்குவது சுகம். ஒரு உரைபெயர்ப்பாளர் சாட்சியின் பதிலோடு "தயவுசெய்து" என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததற்காக அவரை அன்றைக்கு வெளியே அனுப்பியவர்.

எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சட்டத்தரணி என்மேல் முறைப்பாடு கொடுத்திருந்தார். நான் தோட்டத்து ஆள், அதனால் தோட்டத்துச் சாட்சிகளுக்குச் சாடை காட்டுகிறேன் என்று. விசாரித்து ஒன்றுமில்லை என்று முடித்தார்கள். ஆனாலும் என் ஃபைலில், அலுவலகக் கோவையில், ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு சாட்சிகளின் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தேன். சுவரைப் பார்த்துத்தான் பேசுவேன்.

புஷ்பராணி சாட்சிக்கூண்டில் ஏறினாள். அவளுக்காக அரசு செலவில் வந்த சட்டத்தரணி நல்ல மனிதர், உழைப்பாளி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் கேட்கக் கேட்க அவள் நடந்ததைச் சொன்னாள். மஞ்சள், பொங்கல், பஸ், எல்லாம். நன்றாகவே சொன்னாள்.

பிறகு அரச சட்டவாதி எழுந்தார். இளைஞர், கெட்டிக்காரர், சுற்றி வளைக்காதவர். "அந்தப் பார்சலுக்குள் குடு இருந்தது உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

குடு சிங்களச் சொல். தமிழில் தெருவில் அதற்குத் தூள் என்பார்கள். இருபது வருடமாக அருளம்பலம் ஐயா சொன்னபடியே நான் அப்படித்தான் சொல்லிவந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "அந்தப் பார்சலுக்குள்ள தூள் இருந்தது ஒங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"ஆமாங்க, தெரியுங்க."

நான் சிங்களத்தில் சொன்னேன்: "ஆம், தெரியும்."

மன்றத்தில் ஒரு அசைவு. அவளுடைய சட்டத்தரணி நிமிர்ந்து பார்த்தார். அரச சட்டவாதியே இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி தயங்கிவிட்டு அடுத்ததைக் கேட்டார். "அது குடு என்பதால்தானே துணிக்கு அடியில் ஒளித்து வைத்தீர்கள்?"

"அது தூள்ங்கிறதாலதான் துணிக்கு அடியில ஒளிச்சு வச்சீங்களா?"

"ஆமாங்க. வெளிய தெரியாம கொண்டு போகணும்னு சொன்னாப்ல."

அதையும் சொன்னேன். சுருக்கெழுத்தாளரின் விரல்கள் ஓடின. நீதிபதியின் பேனா ஓடியது. அரச சட்டவாதி "வேறு கேள்விகள் இல்லை" என்று உட்கார்ந்தார். இரண்டு கேள்வியில் வழக்கு முடிந்துவிட்டது.

அப்போது புஷ்பராணி என் பக்கம் குனிந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல, மெதுவாகச் சொன்னாள்: "அப்ப எங்க ஊர்ல கொழம்புல போடக்கூட இல்லீங்களே, மிஸ்."

குழம்பு.

வெகுநாளைக்குப் பிறகு ஒரு சாட்சியின் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. தன்னைத்தானே ஆயுளுக்கும் உள்ளே தள்ளிக்கொண்ட பெண்ணின் முகம் அல்ல அது. கடைவிலை பேசுகிற முகம். மறியலில் இரண்டரை வருடம் இருந்தவளுக்குக் குடு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்காது. அவள் அதை எல்லோரையும்போல 'குடு' என்றே அறிந்திருப்பாள். ஆனால் வேகமாக ஓடிய சிங்களத்தில் அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருக்காது, என் தமிழுக்காகத்தான் காத்திருந்தாள். தூள் என்றால் அவளுக்கு மஞ்சத்தூள், மிளகாத்தூள், தேயிலத்தூள். சட்டவாதி ஒன்றைக் கேட்டார், அவள் வேறொன்றுக்கு ஆம் சொன்னாள். அந்த இடைவெளியில் கிடந்த ஒரே சொல் என்னுடையது.

நீதிபதி ஏற்கெனவே அவளுடைய சட்டத்தரணியைப் பார்த்து, "சாட்சியிடம் மீள் விசாரணை உண்டா?" என்று கேட்க வாயெடுத்துவிட்டார். கோவையில் இருக்கும் அந்தக் கடிதம் என் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. ஓய்வூதியம், மகன், எல்லாம் வந்தது. அடுத்த கேள்விக்கு முதல் என்று ஐயா சொன்னதும் வந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, உரைபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. பிழை என்னுடையது."

பேனா நின்றது. அவர் அதை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் வாயை மூடவில்லை.

"கேள்வியில் வந்தது குடு என்ற சொல். நான் தமிழில் தூள் என்று சொன்னேன். தமிழில் தூள் என்றால் குடுவும் ஆகும், மஞ்சள் தூளும் ஆகும், மிளகாய்த் தூளும் ஆகும்."

அரச சட்டவாதி எழுந்துவிட்டார். "கனம் நீதிபதி அவர்களே, பதில் பதிவாகிவிட்டது. இப்போது உரைபெயர்ப்பாளர் சாட்சியம் அளிக்கிறார். அவரும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதையும் மன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேட்டார், வழக்கம்போல மெதுவாக. "சாட்சி எதை நினைத்து ஆம் என்று சொன்னார் என்று நீங்கள் எனக்குச் சொல்கிறீர்களா?"

"இல்லை. அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் எதைச் சொன்னேன் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். பிறகு அவர் கேள்வி இல்லாமலே என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். அதையும் மன்றத்துக்குச் சொல்லவேண்டியது என் கடமை." அவள் குழம்பைப் பற்றிச் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

நீதிபதி தன் குறிப்பை ஒருமுறை திருப்பி வாசித்தார். பிறகு உத்தரவு போட்டார். இரண்டு கேள்விகளையும் வேறொரு உரைபெயர்ப்பாளர் மறுபடி கேட்கவேண்டும். அவர் வந்து முடியும்வரை நானோ வேறு யாருமோ சாட்சியோடும் அவரோடும் பேசக்கூடாது. புதியவர் குற்றப்பத்திரிகையில் இருக்கும் சொல்லையே பாவிக்கவேண்டும்.

கீழே நீதவான் நீதிமன்றத்திலிருந்து அங்கத்து உரைபெயர்ப்பாளர் நஸீரைக் கூட்டிவரப் போனார்கள். இருபத்தைந்து நிமிடம். நான் பின் வாங்கில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு வருடத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. புஷ்பராணி கூண்டிலிருந்து என்னைத் தேடித் தேடிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல அந்த மன்றத்தில் ஒருவரும் இல்லை. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருபத்தைந்து நிமிடம் எனக்கு முப்பது வருட வேலையைவிட நீளமாக இருந்தது.

நஸீர் மூச்சு வாங்க வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நீதிபதி சொன்னபடி கேட்டார்: "அந்தப் பார்சலுக்குள்ள ஹெரோயின் என்ற போதைப்பொருள் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"ஹெரோயினுங்களா? குடுவா? ஐயோ சாமி, இல்லீங்க!" அவள் இரண்டு கையாலும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமாத் தெரியாதுங்க! தெரிஞ்சா தொட்டிருப்பேனுங்களா? எனக்கும் பொம்பளப் புள்ள இருக்குங்க!"

"அப்படியானால் கொஞ்சம் முன்னால் எதற்கு ஆம் என்று சொன்னீர்கள்?" என்று நீதிபதியே கேட்டார்.

"மஞ்சத்தூளுக்குங்க. அந்த மிஸ் தூளுன்னுதானே கேட்டாங்க. இவ்வளவு நேரமா நாம மஞ்சத்தூளத்தானே பேசிக்கிட்டிருந்தோம்?"

நஸீர் அதைச் சொல்லி முடித்ததும் நீதிபதி இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையைப் புரட்டினார். பிறகு சான்றுப் பொருளைத் திறக்கச் சொன்னார். முத்திரையை உடைத்தார்கள். பால்மாப் பையில் அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. வாசம்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஹெரோயினை மறைக்க வெறும் கைப்பிடி மஞ்சள் போதும். இது ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடம் வரும் அளவு. அவளை நம்பவைக்க வேண்டியிருந்ததால்தான் அவ்வளவு மஞ்சள் என்று அவளுடைய சட்டத்தரணி பிறகு வாதாடினார்.

அன்று மாலை நீதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடிதம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். நிற்கவைத்தே பேசினார். "உங்கள் கோவையில் இன்று நடந்ததை எழுதி வைக்கிறேன். பிழை நேர்ந்தது என்றும் எழுதுவேன், உடனே திருத்தப்பட்டது என்றும் எழுதுவேன்." பிறகு, "இனி அந்தச் சொல்லைப் பாவிக்கவேண்டாம்" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து நடைபாதைச் சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். அந்தப் பக்கமாக வந்த அரச சட்டவாதி என்னைக் கண்டு நின்றார். காலையில் என் சமூகத்தைச் சொன்னவர். "நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் நான் இந்த வழக்கை வென்றிருப்பேன், மிஸ்" என்றார். ஒரு அடி போய்விட்டுத் திரும்பி, "நல்லவேளை" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அருளம்பலம் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் இருந்தார். காது மந்தம். நடந்ததை உரக்கச் சொன்னேன்.

"தூள் எண்டு சொல்லச் சொன்னது நான்தானே" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"எங்கட ஊரில கறிக்குப் போடுறதும் தூள்தான், பிள்ளை. எனக்கு அது உறைக்கேல்லையே. இத்தனை வருசமும் உறைக்கேல்லையே." பிறகு, "அந்தப் பொம்பிளைக்குத் தீர்ப்பு வந்தால் எனக்குச் சொல்லும். மறவாதையும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். முன்னால் நான் நின்ற குடு வழக்குகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யாராவது என் சொல்லால் உள்ளே போயிருப்பார்களா? பதிவாளரிடம் சொல்லி, கிடைத்த வழக்கேடுகளை விடுமுறை நாட்களில் வாசித்தேன். எங்கேயும் அப்படி ஒரு குழப்பம் அகப்படவில்லை. மற்ற வழக்குகளில் மஞ்சளும் இல்லை, மிளகாயும் இல்லை. கடைசி ஏட்டை மூடிய அன்று பதிவாளர் அறையிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். துக்கம் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் குடித்தேன்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு. புஷ்பராணியின் மகள் தங்கையோடு வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா மறியலுக்குப் போகும்போது மகள் அம்மாவின் தோள்வரைதான் இருந்தாளாம். இப்போது சித்தியைவிட உயரம். நீதிபதி வாசிக்க வாசிக்க நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பொருள் அவரிடம் இருந்தது உண்மை. அதைப் பற்றிய அறிவு அவருக்கு இருந்தது என்பது நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை. கடைசி வரியையும் சொன்னேன்.

"நீங்க குற்றவாளி இல்லன்னு கோர்ட் தீர்மானிச்சிருக்கு. ஒங்கள விடுதலை செய்றாங்க."

"சரிங்க" என்றாள்.

அழவில்லை, கும்பிடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள். இறங்கி, இடது பக்கமாகத் திரும்பி, மறியல் வண்டிக்குப் போகும் சின்னக் கதவை நோக்கி நடந்தாள். அங்கே நின்ற சிறைக்காவல் பெண்ணின் முன்னால் போய் நின்று, விலங்குக்காக இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

அந்தக் காவல் பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். புஷ்பராணிக்கு விளங்கவில்லை. கையை நீட்டியபடியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இங்க இல்லயாம்மா" என்றேன். "பெரிய கதவால போகச் சொல்றாங்க."